கடிபட்ட கையை மறைக்கச் சொல்லாதீர்கள்

கொங்கு வட்டாரத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், தனியார் பள்ளித் தாளாளர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அப்பா அம்மாக்களுக்கும் வணக்கமுங்க.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு உதவியாளராகப் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் ஒரு சிறப்புப் பள்ளியில் இருந்தேன், இப்போது எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளியில் இருக்கிறேன். சில இடத்தில் எங்களை ஆயா என்பார்கள், சில இடத்தில் பராமரிப்பாளர் என்பார்கள். பிள்ளைகளுக்கு நான் அக்கா.

சிறப்பாசிரியர் பாடம் சொல்லித் தருவார். பிசியோ வருகிற நாளில் கை கால் பயிற்சி கொடுப்பார். ஆட்டோவில் இருந்து இறக்குவது, சோறு ஊட்டுவது, கக்கூஸுக்குக் கூட்டிப் போவது, டயபர் மாற்றுவது, கேட்டைத் தாண்டி ஓடுகிற பிள்ளையைப் பிடிப்பது, தன் தலையைத் தானே சுவரில் மோதிக்கொள்கிற பிள்ளைக்கு நடுவில் கையை வைப்பது, சாயங்காலம் மறுபடி ஆட்டோவில் ஏற்றிவிடுவது எல்லாம் எங்கள் வேலை. இந்த வேலையை விரும்பித்தான் செய்கிறேன். மில் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவள் நான்.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். எங்கள் வேலை எது என்று எழுதிக் கொடுங்கள். எங்களுக்கோ பிள்ளைக்கோ அடிபட்டால் அதை எழுத ஒரு நோட்டு வையுங்கள். இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பேரை எழுதவில்லை. அந்தப் பிள்ளையை யாரும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது.

ஒன்பது வயதுப் பெண் குழந்தை. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. அவளுடைய அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர். கட்டிங் வேஸ்ட்டில் இருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து வந்து தருவார். அந்தத் துணியில் ஒவ்வொரு நூலாக உருவிக்கொண்டே இருப்பாள் குழந்தை. நூல் கையில் இருக்கும் வரை அவளுக்கு எந்தக் கவலையும் இல்லை. ஒருநாள் இன்டர்வெல் சமயம், தண்ணீர் குடிக்கக் கூட்டிப் போகலாம் என்று அவள் கையைப் பிடித்தேன். அடுத்த நொடி என் வலது முழங்கைக்குக் கீழே அவள் பல் இறங்கிவிட்டது. வலியில் கையை வெடுக்கென்று இழுத்தேன். தோல் கிழிந்து ரத்தம் சொட்டியது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன்.

ஆபீஸ் ரூமுக்குப் போனேன். "அம்மிணி, இதையெல்லாம் ரிஜிஸ்டர்ல ஏத்த வேண்டாம். நாளைக்கு மேல இருந்து ஆள் வந்து கேட்டா யாரு பதில் சொல்றது? கதவுல கீறிருச்சுன்னு சொல்லிப்போடு" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. குழந்தைக்குக் கெட்ட பேர் வந்துவிடுமோ, பள்ளிக்குக் கெட்ட பேர் வந்துவிடுமோ என்ற பயம்தான். நானும் சரி என்று தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் கதவு தகரம் கீறியது என்றே சொன்னேன். நர்ஸ் காயத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. டெட்டனஸுக்கான டிடி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

மனிதப் பல் கடிக்கு வைத்தியம் வேறு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. வாயில் இருக்கும் கிருமி சதைக்குள் போய்விடும். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், பெரும்பாலும் ஆன்டிபயாடிக் மாத்திரை தேவைப்படும், மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்றும் டாக்டர் பார்க்க வேண்டும். நாலாம் நாள் கை வீங்கிச் சீழ் பிடித்தது. ஒன்பது நாள் வேலைக்குப் போக முடியவில்லை. ஒன்பது நாள் சம்பளமும் போச்சு. கதவில் கீறிய காயத்துக்கு யார் என்ன தருவார்கள்?

திரும்பி வந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்று சொந்தமாக வாங்கினேன். தேதி, நேரம், அதற்கு முன்னால் என்ன நடந்தது, அப்புறம் என்ன செய்தோம் என்று நான்கு கட்டம் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். யார் மேல் புகார் சொல்லவும் இல்லை, எனக்கே புரிய வேண்டும் என்றுதான். இரண்டரை மாதத்தில் அவள் கடித்தது நாலு தடவை. ஒருநாள் சாயங்காலம் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நாலில் மூன்று தடவை நேரம் ஒன்றுதான். பதினொரு மணி. இன்டர்வெல் மணி அடிக்கிற நேரம்.

எங்கள் அறை வாசலுக்கு நேர் மேலேதான் அந்தக் கரண்டு மணி இருக்கிறது. நமக்கு அது மணி. அவளுக்கு அது காதுக்குள் ஆணி அடித்த மாதிரி. அந்த நேரம் பார்த்து நான் கையையும் பிடித்து இழுக்கிறேன். வாயால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத குழந்தை, பல்லால் சொல்லியிருக்கிறது.

நோட்டைச் சிறப்பாசிரியரிடம் காட்டினேன். மறுநாளில் இருந்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால், குழாய்ப் படம் போட்ட அட்டையை அவளிடம் காட்டிவிட்டு, வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய்விடுவோம். கையைப் பிடிக்க மாட்டேன். பக்கத்தில் நடப்பேன், அவள் கூடவே வருவாள். கடித்தால் கையை இழுக்கக் கூடாது, மெதுவாக வாய்ப் பக்கமே தள்ளினால் தாடை தானாகத் திறக்கும் என்றும் அந்த டீச்சர்தான் சொல்லிக் கொடுத்தார். எனக்குக் கிடைத்த பயிற்சி அன்றைக்கு அந்தப் பத்து நிமிடம்தான். அந்த வருடம் முடியும் வரை அவள் அதற்கப்புறம் கடித்தது ஒரே ஒரு தடவை.

கதவு கீறியது என்று சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் அந்தக் குழந்தை இன்றைக்கும் பதினொரு மணிக்குக் கடித்துக்கொண்டுதான் இருக்கும். "முரட்டுப் புள்ள" என்ற பேரும் அவளுக்கு நின்றிருக்கும்.

இங்கே பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. நான் நோட்டு எழுதுகிறேன் என்று தெரிந்ததும் அவளுடைய அம்மா வேலையில் இருந்து பர்மிஷன் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "ஏனுங்கக்கா, என்ற புள்ளய நிறுத்திப்போடுவாங்களாங்க?" என்று கேட்டார். அந்தப் பயம் நியாயமானது. டிசியைக் கையில் கொடுத்து அனுப்பிய கதைகளை எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆவது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 16ஆவது பிரிவோ, எட்டாம் வகுப்பு முடிகிற வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. அதனால் நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி, தலைமை ஆசிரியரும் குழுத் தலைவரும் கையெழுத்துப் போடுங்கள்: இதில் எழுதியதை வைத்து எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு அனுப்ப மாட்டோம். அந்த ஒரு வரி இருந்தால் அம்மாக்களும் தைரியமாக இருப்பார்கள், நாங்களும் உள்ளதை உள்ளபடி எழுதுவோம்.

நான் மில்லில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்கே கையில் ஒரு கீறல் பட்டாலும் சூப்பர்வைசர் விபத்துப் புத்தகத்தில் ஏற்றுவார். எந்த மெஷின், எத்தனை மணி, யார் பார்த்தது என்று இருக்கும். பக்கத்தில் முதலுதவிப் பெட்டி, பாக்கெட்டில் ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டு கார்டு. அதெல்லாம் சும்மா கிடைத்ததல்ல. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கில் ஏற்றப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளிகள் நாலு பேரை இன்னும் வருடா வருடம் நினைத்துக்கொள்கிற ஊர் இது. மில்லுக்குள் நடப்பதை வெளியே பேச வேண்டும் என்று பாடுபட்டவர்கள் எத்தனையோ பேர். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 34ஆவது பிரிவு என்று ஒன்று எழுதினார்கள்: உடம்புக்குக் கேடு வரும் அளவுக்கு யாரையும் சுமை தூக்க வைக்கக் கூடாது. பஞ்சு மூட்டைக்கு அப்போதே அந்தக் கணக்கு வந்துவிட்டது.

நாங்கள் தூக்குவது பிள்ளைகளை. அதற்கு ஒரு கணக்கும் இல்லை.

இதை நான் கண்ணால் பார்த்து, இடுப்பால் தெரிந்துகொண்டேன். மூளை முடக்குவாதம் உள்ள பையன் ஒருவன், எங்களிடம் வந்தபோது பத்தொன்பது கிலோ இருந்தான். ஏழு வருடம் கழித்து முப்பத்தாறு கிலோ. ஆட்டோவில் இருந்து சேருக்கு, சேரில் இருந்து பாய்க்கு, பாயில் இருந்து கக்கூஸுக்கு, திரும்பச் சேருக்கு என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல் தூக்குவேன். அமெரிக்காவில் நோயாளிகளைத் தூக்கும் நர்ஸுகளுக்காக ஆராய்ந்து, வெறும் கையால் ஒருவர் தூக்குவது ஏறக்குறைய பதினாறு கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று 2007இல் சொன்னார்கள். அவன் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே அந்த அளவைத் தாண்டியிருந்தான்.

மழை பெய்து வாசல் ஈரமாக இருந்த ஒரு நாள். வீல்சேருக்கு ஒரு பக்கம் பிரேக் பிடிக்காது, சக்கரத்துக்கு முன்னால் செங்கல் வைத்துத்தான் நிறுத்துவோம். அவனை ஆட்டோவில் இருந்து தூக்கித் திரும்பும்போது அவன் கால் இரண்டும் திடீரென்று விறைத்து நீண்டன. இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி வரும், அவர்கள் கையில் இல்லை. விறைத்ததும் எடை எல்லாம் ஒரு பக்கம் போய்விட்டது. என் இடுப்பில் ஏதோ பிடுங்கியது. அப்படியே இரண்டு பேரும் சரிந்தோம். அவன் தலை படியில் படக் கூடாது என்று என் முழங்கையைக் கீழே கொடுத்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இன்றைக்கும் குனிந்து நிமிர்ந்தால் அந்த இடம் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு என் கை ஒரு அரை அடி தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் ராத்திரி தூக்கம் வராது.

உதவியாளரின் பாதுகாப்பு வேறு, பிள்ளையின் பாதுகாப்பு வேறு என்று பேசுகிறவர்களுக்கு அந்த வாசற்படியைத்தான் காட்டுவேன். என் இடுப்பு போனால் விழுவது நான் மட்டுமல்ல.

இதற்கு லட்சக் கணக்கில் செலவு வேண்டியதில்லை. பதினாறு கிலோ தாண்டிய பிள்ளையை ஒருத்தர் தனியாகத் தூக்கக் கூடாது, இரண்டு பேர் வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். பிரேக்கைச் சரி செய்து கொடுங்கள். பாயில் இருந்து நகர்த்துவதற்குப் பிசியோ எங்களுக்கு ஒரு வழி காட்டினார்: கெட்டியான பவானி ஜமுக்காளம் ஒன்றை மடித்து, மேலே பருத்தி விரிப்புப் போட்டு, பிள்ளையை அதில் உருட்டிப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து இழுத்தால் தூக்காமலே நகர்த்திவிடலாம். அப்புறம் சாய்தளம். பல பள்ளிகளில் சாய்தளம் என்ற பேரில் சறுக்குப் பலகைதான் இருக்கிறது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதுதான் அளவு. நாலு அடியில் கட்டி முடித்தால் ஏற்றும்போது எங்கள் இடுப்பு போகும், இறக்கும்போது சேர் கையை விட்டு ஓடும்.

கக்கூஸ் விஷயத்தைப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். நான் பேசியே ஆக வேண்டும். டயபர் மாற்றக் கையுறை, சோப்பு, மூடி போட்ட தொட்டி, இந்த மூன்றையும் நாங்கள் கேட்டு வாங்குகிற நிலை இருக்கக் கூடாது. மஞ்சள் காமாலை பி ஊசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. வேலைக்குச் சேரும்போதே போட்டுவிடுங்கள். இன்னொன்று, வளர்ந்த பிள்ளைகளுக்குத் துணி மாற்றும்போது நாங்கள் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது. யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் எங்களுக்கு அடைக்கலம் இல்லை; யாராவது தப்பாக நடந்தால் பேச்சு வராத பிள்ளைக்கும் அடைக்கலம் இல்லை. இரண்டு பேர் இருக்க வேண்டும், அல்லது கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும், மறைப்புத் துணி கட்டிக் கொடுக்க வேண்டும். பெரிய பெண் பிள்ளைகளுக்குப் பெண்கள்தான் செய்ய வேண்டும். இதை எழுத்தில் வையுங்கள்.

மாத்திரை கொடுப்பதும் அப்படித்தான். "மத்தியானம் இந்த ஃபிட்ஸ் மாத்திரையக் குடுத்துருங்க" என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எது, எத்தனை மில்லிகிராம் என்று எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் சீட்டின் நகலும் பெற்றோர் கையெழுத்துப் போட்ட கடிதமும் இல்லாமல் மாத்திரை கொடுப்பது எங்கள் வேலை ஆகாது. ஆனால் ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்வது என்பது எங்களுக்கு மட்டுமல்ல, வாட்ச்மேன் முதல் கணக்கு வாத்தியார் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போன வருடம் கூட ஒருவர் சாவிக்கொத்தைப் பிள்ளையின் கையில் திணிக்க ஓடி வந்தார். இரும்பு எதுவும் செய்யாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

வேலை எது என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேனே, அதற்குக் காரணம் இதுதான். எழுதாத வேலை வளர்ந்துகொண்டே போகும். டீ வாங்கி வா, ஆபீஸ் ரூமைக் கூட்டு, புத்தகக் கட்டை இறக்கு, ஒன்றாம் வகுப்பு டீச்சர் லீவு, அங்கே போய் உட்கார். செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை, உழைப்புக்கு அஞ்சியவள் நான் இல்லை. ஆனால் நான் டீக்கடைக்குப் போகிற இருபது நிமிடம் ஓடுகிற பிள்ளையை யார் பார்ப்பது? எங்கள் பள்ளியில் இருந்து தார் ரோட்டுக்கு நாற்பது தப்படிதான். நூல் லாரியும் காலேஜ் பஸ்ஸும் போகிற தடம் அது.

எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள் என்பதையும் எழுத வேண்டும். சிறப்பாசிரியருக்கு உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒரு கணக்குச் சொன்னது: ஐந்தாம் வகுப்பு வரை பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைக்கு ஒருவர். அதுவே இன்னும் எல்லா இடத்திலும் வரவில்லை. உதவியாளருக்கு அப்படி ஒரு எண்ணை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தானாக நடக்க முடியாத மூன்று பேரும், ஓடுகிற இரண்டு பேரும் உள்ள அறையில் ஒரே ஒரு ஆளை விட்டால் என்ன நடக்கும் என்று குழுவில் இருக்கும் பெற்றோர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலையில் இருந்து சாயங்காலம் வரை வந்து உட்கார்ந்து பாருங்கள்.

தாளாளர்களிடம் ஈஎஸ்ஐ பற்றியும் சொல்ல வேண்டும். தனியார் பள்ளிகளுக்கும் அது பொருந்தும் என்று நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு நீங்கள் கட்ட வேண்டியது சம்பளத்தில் 3.25 சதவீதம், எங்கள் பங்கு 0.75. வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்தால் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். என் கை வீங்கிய அந்த ஒன்பது நாளை நினைத்துப் பார்க்கிறேன். கார்டும் இருந்து, உண்மையும் எழுதியிருந்தால் மகள் ஸ்கூல் ஃபீஸுக்கு நான் வட்டிக்கு வாங்கியிருக்க மாட்டேன். ஏஜென்சி ஆள், தொகுப்பூதிய ஆள் என்று சொல்லி இதில் இருந்து ஒதுங்காதீர்கள். பிள்ளையின் எடை ஏஜென்சி ஆளுக்கும் அதே எடைதான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். கல்வி உரிமைச் சட்டமே அப்படித்தான் வைத்திருக்கிறது. அதனால்தான் இந்த மடலை மேலிடத்துக்கு மட்டும் எழுதாமல் உங்களுக்கும் எழுதுகிறேன். அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானம் எழுதுங்கள்: உதவியாளரின் வேலை என்ன என்று ஒரு பக்கம், தூக்குவதற்கு இரண்டு பேர், ஆபீஸ் ரூமில் பூட்டாத அலமாரியில் ஒரு நோட்டு. நோட்டில் நாலு கட்டம் எப்படிக் கோடு போடுவது என்று மேலேயே சொல்லிவிட்டேன். எனக்கு இப்போது ஐந்தாவது நோட்டு ஓடுகிறது. பதினொரு மணி என்று எழுதிய அந்தப் பக்கத்தை இன்னும் கிழியாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி உதவியாளர்,
கொங்கு நாடு.